வெடியுப்புக் கணக்கு

போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு போலீஸ்காரர் எங்கள் வீட்டு காலிங் பெல்லை அடித்தார்.

பதற ஒன்றும் இல்லை. பாஸ்போர்ட் விசாரணை. மகன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான் — குளிர் குறைந்த மாதமாகப் பார்த்து ஒருமுறை வந்து தங்கிவிட்டுப் போங்கள் என்று. எழுபதை நெருங்குகிற வயதில் முதல் பாஸ்போர்ட்.

வந்தவர் இளைஞர். ரொம்பப் பணிவு. ஆதார் கார்டு, கரண்ட் பில், போட்டோ எல்லாவற்றையும் சரிபார்த்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு பாரத்தில் இருந்து கண்ணை எடுக்காமல், தினமும் பத்து வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய குரலில் கேட்டார்.

"உங்க மேல கேஸ் ஏதாவது இருக்காம்மா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு வரவில்லை. போலீஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். என் கணவர் பேப்பரை மடித்துவிட்டுப் பார்த்தார்.

"இவ யோசிக்கிறதைப் பார்த்தா நாலஞ்சு இருக்கும் போலிருக்கே!" என்றார் கணவர். போலீஸ்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன் — சிரித்ததாகத்தான் நினைக்கிறேன். ஒருவழியாக "இல்லைங்க" என்றேன். அவர் டிக் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை.

என் மேல் கேஸ் எதுவும் இல்லை. ஆனால் என்னுடைய நோட்டுப் புத்தகம் ஒன்று, ஏதோ ஒரு போலீஸ் ஸ்டேஷனின் பழைய காகிதக் கட்டில் கிடக்கலாம். கரையான் தின்றும் இருக்கலாம். அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

உங்களுக்குத் தெரியும், இந்தப் பக்கத்தில் நான் என் மூட்டுவலியைக்கூட விட்டுவைத்ததில்லை. மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்த கதை, சம்பந்தி வீட்டுச் சண்டை, எல்லாம் எழுதியாகிவிட்டது. இதை மட்டும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டால்... வெட்கம். படித்தால் உங்களுக்கே புரியும்.

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் திருவாரூருக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில், மெயின் ரோட்டில் இறங்கி வாய்க்கால் கரையோடு மூன்று மைல் உள்ளே நடக்க வேண்டும். கண்ணுக்கு எட்டிய வயல் எல்லாம் ஒரே பண்ணைக்குச் சொந்தம். எங்கள் தெருவில் நாற்பது கீற்று வீடு. நாற்பது வீட்டுக்காரர்களும் அந்த வயலில் நடவு நடுகிறவர்கள், அறுக்கிறவர்கள்.

அப்பா இல்லை. நான் ஏழாவது படிக்கும்போது வரப்பில் பாம்பு கடித்துப் போய்விட்டார். அம்மா பாக்கியம், அண்ணன் கண்ணையன், நான் — மூன்று பேர். அண்ணனுக்கு இருபத்துநான்கு வயது. பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவன். தன் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்டுத்தான் ஏறுவான். ஆனால் பேச்சு என்று வந்துவிட்டால் அவனை அசைக்க முடியாது. கூலிக்காரர்கள் சங்கத்தில் எங்கள் தெருவுக்கு அவன்தான் பொறுப்பு.

நான் எங்கள் தெருவில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள். அப்போது பி.யூ.சி. என்று ஒன்று இருந்தது — பள்ளிக்கூடம் முடித்து, பட்டப்படிப்புக்குப் போகும் முன் ஒரு வருடம். அதில் நான் பெயில். வேதியியலில் மட்டும்.

முதல் ஆள் பெயில் ஆவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? அது ஒரு ஆளின் பெயில் இல்லை. நாற்பது வீட்டுப் பெயில். தண்ணீர்க் குடத்தோடு போகும்போது யாராவது "அடுத்த பரீட்சை எப்பம்மா?" என்று பிரியமாகத்தான் கேட்பார்கள். எனக்குக் குடம் இரண்டு மடங்கு கனக்கும்.

வேதியியல் எனக்குப் பிடிக்காமல் இல்லை. டெஸ்ட் டியூபில் நிறம் மாறுவது, நுரைப்பது, சட்டென்று ஒரு வாடை கிளம்புவது... எல்லாம் பிடிக்கும். கணக்குதான் எமன். இத்தனை கிராமைச் சூடாக்கினால் எத்தனை லிட்டர் வாயு வெளிவரும்? இத்தனை லிட்டர் வாயு வேண்டுமென்றால் எத்தனை கிராம் எடுக்க வேண்டும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலேஜில் தமிழ் மீடியம் வந்திருந்த புதிது. தமிழில் படித்தால் உதவித்தொகை உண்டு என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. நான் அதில்தான் சேர்ந்தேன். எங்கள் வேதியியல் லெக்சரருக்குத் தமிழ் என்றால் உயிர். புத்தகத்தில் பொட்டாசியம் நைட்ரேட் என்று இருந்தால்கூட அவர் போர்டில் 'வெடியுப்பு' என்றுதான் எழுதுவார். சல்ஃபரா? கந்தகம். சல்ஃபியூரிக் ஆசிடா? கந்தக அமிலம். நானும் அப்படியே எழுதப் பழகினேன்.

அந்தத் தமிழ்தான் பின்னால் எங்களை மாட்டிவிட்டது!

செப்டம்பரில் மறுபடி பரீட்சை. புத்தகம் வாங்க வழியில்லை. லைப்ரரிப் புத்தகத்தை ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்து, அதில் இருந்த கணக்கை எல்லாம் இருநூறு பக்க நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். விடைகள் இருந்த கடைசிப் பக்கங்களை என்னைவிட அவசரக்காரர் யாரோ ஏற்கெனவே கிழித்துக்கொண்டு போயிருந்தார். அதனால் நான் போட்ட கணக்கு சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. போட்டுக்கொண்டே போனேன். இருட்டில் நடப்பது மாதிரி.

அதே நேரத்தில் குறுவை அறுப்பு. அறுப்புக் கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டது சங்கம். முடியாது என்றது பண்ணை. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து வயலில் இறக்கினார்கள். அவர்களுக்குக் காவலாகப் போலீஸ். எங்கள் தெரு ஆட்கள் வேலை இல்லாமல் கும்பல் கும்பலாக நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். அண்ணன் சோறு தின்னும்போதும் காதை வாசலில்தான் வைத்திருந்தான்.

அப்போது மற்ற ஊர்களில் நடந்ததெல்லாம் எங்கள் காதுக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. கீற்று எவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதை எங்களுக்கு எந்த லெக்சரரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அம்மா தூங்கப் போகுமுன் வீட்டைச் சுற்றி நாலு மண்பானைகளில் தண்ணீர் நிரப்பி வைப்பாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

ஒருநாள் உச்சி வெயிலில், பண்ணையின் களத்தில் இருந்த பெரிய வைக்கோல் போர் எரிந்தது. யார் வைத்த தீ? இன்றுவரை எனக்குத் தெரியாது. அண்ணன் அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக் கூரையில் ஏறிக் கீற்று மாற்றிக்கொண்டிருந்தான். நான் கீழிருந்து கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் அந்தப் புகையைச் சேர்ந்துதான் பார்த்தோம். "போச்சு" என்றான் அண்ணன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தெருவில் போலீஸ்.

ஒவ்வொரு வீடாக நுழைந்தார்கள். பானையைக் கவிழ்த்தார்கள், பாயை உதறினார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு ஏட்டும் இரண்டு கான்ஸ்டபிள்களும் வந்தார்கள். என் நோட்டு மூலையில் தகரப் பெட்டி மேல் இருந்தது. ஒரு கான்ஸ்டபிள் சும்மா புரட்டினார். நின்றார். வாய்விட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"வெடியுப்பு... இருபது புள்ளி இரண்டு கிராம்... சூடாக்கினால்... வெளியேறும் வாயு..." அடுத்த பக்கம். "கந்தகம்... எரித்தால்..." அதற்கடுத்த பக்கம். "கந்தக அமிலம்... ஏட்டையா, இங்க வாங்க! இதைப் பாருங்க!"

ஏட்டு வாங்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. நோட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"யாருது இது?"

இங்கேதான் நான் சொல்ல வேண்டும், வெட்கம் என்று சொன்னேனே, அதை.

என்னுடையது. நான் எழுதியது. அதில் இருந்த ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரியும். 'என்னுது சார், காலேஜ் கணக்கு' — நாலே நாலு வார்த்தை. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கண்ணால் ஏட்டின் பெல்ட்டில் இருந்த பித்தளைக் கொக்கியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேக்குறேன்ல! யாருது?"

ஏட்டின் பார்வை என் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான்.

"என்னுதுங்க" என்றான் அண்ணன்.

அவனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். வாசலில் கால் தடுக்கியது. நோட்டு ஏட்டின் கக்கத்தில். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. அது எதற்கு வந்தது?

"அம்மா... அது என் நோட்டும்மா. பரீட்சை நோட்டு."

அம்மா என்னை வெறித்துப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என் வாயைப் பொத்தினாள்.

"மூச்சு விடாத. ஒரு புள்ளையக் கொண்டு போயிட்டானுவ. இன்னொண்ண நானே கொண்டுபோய் விடவா? பொட்டப்புள்ள நீ. ஸ்டேஷன் வாசல மிதிக்கக் கூடாது."

நான் தலையாட்டினேன். உண்மையைச் சொல்லட்டுமா? அவள் அப்படிச் சொன்னது எனக்குள் ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது. இனி போகாததற்கு அம்மா காரணம், நான் இல்லை. பயம் இப்படித்தான். ஒளிந்துகொள்ள யாராவது ஒருவருடைய முந்தானையைத் தேடிப் பிடித்துவிடும்.

பதினோரு மணி இருக்கும். மெயின் ரோட்டு டீக்கடைக்குப் போய் வந்தவர் ஒருவர் வாசலில் நின்று சொன்னார்.

"அக்கா, கண்ணையன் மேல வெடிமருந்து கேஸ் போடுறாங்களாம். சாயங்காலம் நாகப்பட்டினம் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம். அங்க போயிட்டா லேசுல வர முடியாதாம்."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எந்திரி. நல்ல தாவணியாக் கட்டு. போவோம்."

மூன்று மைல் நடை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெளியூர் ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் குடை பிடித்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர். அவர் எங்களையே பார்ப்பது மாதிரி இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். பொட்டாசியம் முப்பத்தொன்பது. நைட்ரஜன் பதினாலு. ஆக்ஸிஜன் பதினாறு. மறுபடி முதலிலிருந்து. கேட்டவர்கள் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஸ்டேஷன் ஓட்டுக் கட்டடம். வாசலில் புங்கமரம். அம்மாவை உள்ளே விடவில்லை, மரத்தடியில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே மேஜைக்குப் பின்னால் சப் இன்ஸ்பெக்டர். சுவரோர பெஞ்சில் பண்ணையின் கணக்குப்பிள்ளை — புகார் கொடுத்தவர் அவர்தான். வெற்றிலை போட்டுக்கொண்டு, சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்ன?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"அந்த... நோட்டு... என்னுதுங்க ஐயா."

எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். பி.யூ.சி. என்றேன், செப்டம்பர் பரீட்சை என்றேன், கணக்கு என்றேன். எல்லாம் துண்டு துண்டாக வந்தது.

"அவன் தன்னுதுங்கிறான். நீ உன்னுதுங்கிற. அண்ணனைக் காப்பாத்த வந்தியா? யாரு அனுப்புனா? சங்கத்துல சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்லீங்க ஐயா."

அண்ணனைக் கொண்டுவரச் சொன்னார். சட்டை இல்லை. உதடு வீங்கியிருந்தது. இடது காலைத் தரையில் ஊன்றாமல் வந்தான். என்னைப் பார்த்ததும் முகம் கோணிப்போனது.

"நீ எதுக்கு இங்க வந்த? போ வீட்டுக்கு!" என்று கத்தினான். சப் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, "அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நோட்டு என்னுதுதாங்க" என்றான்.

சப் இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். "அப்படியா? படி பாப்போம்."

அண்ணன் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"கண்ணாடி எடுத்தாரலீங்க."

இருபத்துநான்கு வயதில்! எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை முட்டியது. அண்ணன் மட்டும் முகத்தை மாற்றாமல் நின்றான்.

சப் இன்ஸ்பெக்டர் முட்டாள் இல்லை. நோட்டு அவனுடையது இல்லை என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அவருடைய சந்தேகம் வேறு.

"கையெழுத்து உன்னுதாவே இருக்கட்டும். வெளியில யாரோ சொல்லச் சொல்ல நீ எழுதியிருக்கலாம் இல்ல? படிச்ச பொண்ணு, ஊர்ல வேற யாரு எழுதுவா? இது பரீட்சைக் கணக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். "ஹைஸ்கூல்ல சயின்ஸ் வாத்தியார் இருப்பாரு. நான் வரச் சொன்னேன்னு கூட்டிட்டு வா."

அந்த சயின்ஸ் வாத்தியார் யார் என்று எனக்குத் தெரியும். எஸ்.எஸ்.எல்.சி. வரை அவரிடம்தான் படித்தேன். வைத்தியநாதன் சார். போர் எரிந்ததே, அந்தப் பண்ணைக்காரரின் சொந்த அக்கா மகன்!

கணக்குப்பிள்ளை பெஞ்சில் இன்னும் கொஞ்சம் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார்.

சார் வரக் கால்மணி நேரம் ஆனது. பாதி வகுப்பில் எழுந்து வந்திருக்க வேண்டும். விரலில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது. வாசலில் நின்று உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கணக்குப்பிள்ளை எழுந்து கும்பிட்டார். சார் தலையை மட்டும் அசைத்தார். என்னைப் பார்த்ததும் கண்ணை எடுத்துக்கொண்டார்.

சப் இன்ஸ்பெக்டர் விஷயத்தைச் சொன்னார். சார் நோட்டை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம்... கடைசிப் பக்கம் வரை புரட்டினார்.

"இந்தப் பொண்ண ஒரு கணக்குப் போடச் சொல்லுங்க சார். நோட்டைப் பாக்காம" என்றார்.

"எந்தக் கணக்கு?"

"எது வேணும்னாலும்."

சப் இன்ஸ்பெக்டர் தேடி எடுத்தது எதை என்று நினைக்கிறீர்கள்? அந்த வெடியுப்பைத்தான். ரைட்டரின் பென்சிலும், ஒரு பக்கம் எழுதிய காகிதமும் கொடுத்தார்கள். மேஜை ஓரத்தில் நின்றபடி எழுத வேண்டும்.

இருபது புள்ளி இரண்டு கிராம் வெடியுப்பைச் சூடாக்கினால் எத்தனை லிட்டர் ஆக்ஸிஜன் கிடைக்கும்?

பென்சிலைப் பிடிக்க முடியவில்லை; விரல் எல்லாம் ஈரம். தாவணியில் துடைத்துக்கொண்டேன். அண்ணன் இரண்டடி தள்ளி நிற்கிறான், மூச்சுச் சத்தம் கேட்கிறது. முப்பத்தொன்பது, பதினாலு, மூன்று பதினாறு நாற்பத்தெட்டு. மொத்தம் நூற்றியொன்று. இருபது புள்ளி இரண்டை நூற்றியொன்றால் வகுத்தால் புள்ளி இரண்டு. ஒரு மோல் வாயு என்றால் இருபத்திரண்டு புள்ளி நாலு லிட்டர். பெருக்கினேன். ஒருமுறை சரிபார்த்தேன். நாலு புள்ளி நாலு எட்டு லிட்டர்.

சார் காகிதத்தை எடுத்தார். நோட்டில் இருந்த விடையோடு ஒத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே விடை. நான் முதன்முறையாக ஒரு முழு மூச்சு விட்டேன்.

"தப்பு" என்றார் சார்.

இன்றைக்கு நினைத்தாலும் அந்த ஒரு சொல்லின் சத்தம் எனக்குக் கேட்கும். கணக்குப்பிள்ளை பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப இது இவ எழுதினதில்லையா?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"எழுதினது இவதான் சார்." சார் காகிதத்தையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "சரியான விடை ரெண்டு புள்ளி ரெண்டு நாலு. ரெண்டு பங்கு வெடியுப்புக்கு ஒரு பங்கு ஆக்ஸிஜன்தான் வரும். முதல்ல சமன்பாட்டைச் சமன் பண்ணணும். இந்தப் பொண்ணு பண்ணாது. ஹைஸ்கூல்லயே பண்ணாது. எத்தனையோ தடவை சிவப்பு இங்க்ல எழுதிக் குடுத்திருக்கேன். இந்த நோட்டைப் பாருங்க. முதல் பக்கத்துலேருந்து கடைசி வரைக்கும் அதே தப்பு. வேற ஒருத்தர் சொல்லி எழுதியிருந்தா ஒண்ணாவது சரியா இருக்கும்."

சப் இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தார். "இதை வச்சுக் குண்டு கிண்டு ஏதாவது..."

"இதை வச்சுப் பரீட்சையே பாஸ் பண்ண முடியாது சார்."

ரைட்டர் இந்த முறை சிரிப்பை அடக்கவில்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. சப் இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து சார் முன்னால் தள்ளினார்.

"நீங்க சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கேஸ் கட்டுல இருக்கணும்."

அப்போது கணக்குப்பிள்ளை பேசினார். குரலை உயர்த்தவில்லை. "தம்பி, மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதலாமே."

சார் பேனாவின் மூடியைத் திறந்தார். மூடி கையிலிருந்து நழுவி மேஜைக்கு அடியில் உருண்டது. குனிந்து எடுக்கப் போனவர், எடுக்காமலே நிமிர்ந்தார். நெற்றியில் வியர்வை. நான் அவ்வளவு கிட்டத்தில் நின்றதால் எனக்குத் தெரிந்தது. எந்த மனிதரைப் பார்த்து ஐந்து வருடம் பயந்து நடுங்கினேனோ, அந்த மனிதரும் பயந்துகொண்டிருந்தார்.

அந்த அறையில் பயப்படாதவர் யார் இருந்தார்கள், சொல்லுங்கள்? அண்ணனுக்கு என்னை நினைத்துப் பயம். எனக்கு எல்லாரையும் பார்த்துப் பயம். மரத்தடியில் அம்மா. ஏன், கையெழுத்து இல்லாமல் கேஸை விட்டால் மேலதிகாரி என்ன கேட்பாரோ என்று சப் இன்ஸ்பெக்டருக்கும் ஒரு பயம் இருந்திருக்கும்.

சார் எழுதினார். ஆறேழு வரி. கையெழுத்துப் போட்டார். கணக்குப்பிள்ளையைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல் வெளியே போனார். பேனா மூடி அங்கேயே கிடந்தது.

அண்ணனை நாலு மணிக்கு விட்டார்கள். கூப்பிடும்போது வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அம்மா அவன் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வாய்க்கால் கரையில் அவன் என் தோளில் கைபோட்டு, ஒற்றைக் காலை இழுத்து இழுத்து நடந்தான். பாதி வழி வந்த பிறகுதான் எனக்குக் கேட்கத் தைரியம் வந்தது.

"அண்ணே, உன்னுதுன்னு ஏன் சொன்ன?"

"ஏட்டு உன் பக்கம் திரும்புனானே."

"நான்தான் சொல்லியிருக்கணும். வாய் வரலண்ணே. பயந்துட்டேன்."

அவன் நின்றான். வலியோடு கொஞ்சம் சிரித்தான்.

"இந்தா பாரு. பரீட்சைக்கு நீ மட்டும்தான் போவ முடியும். ஸ்டேஷனுக்கு யாரு வேணும்னாலும் போவலாம். எது யாரால ஆவுமோ அதைச் செய்யணும். அவ்வளவுதான், இதுல என்ன?" இன்னும் நாலடி நடந்துவிட்டு, "ஆமா... நோட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கலியா?" என்றான்.

நோட்டு வரவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. பரீட்சைக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. தினமும் திருவாரூருக்கு பஸ் ஏறி காலேஜ் லைப்ரரியில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் காக்கிச் சட்டை ஏறினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அதே புத்தகம், அதே கிழிந்த கடைசிப் பக்கம். முதல் கணக்கிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன் — இந்தத் தடவை முதலில் சமன்பாட்டைச் சமன் செய்துவிட்டு.

தீ வைத்தது யார் என்று கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை. அறுப்புக் கூலியைத் தாலுகா ஆபீஸில் வைத்துப் பேசி முடித்தார்கள். கேட்டதில் பாதி கிடைத்தது. அண்ணனுக்கு அந்தக் கால் மழைநாளில் இன்றும் வலிக்கிறது. வைத்தியநாதன் சாரை மாமா வீட்டில் அதன் பிறகு சேர்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நல்லது கெட்டதுக்குக்கூட அழைக்கவில்லையாம். அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. இரண்டு முறை பள்ளிக்கூட வாசல் வரை போனேன். இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டேன். பிறகு அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

பரீட்சை அன்று கேள்வித்தாளைத் திருப்பினேன். முதல் பக்கத்திலேயே கணக்கு. சுற்றிலும் பார்த்தேன். முன்னால் ஒரு பெண் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் ஜன்னலோரம் நின்று காக்கையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி சுற்றியது.

சட்டென்று ஒன்று தோன்றியது. இங்கே நான் கணக்கைத் தப்பாகப் போட்டால் என்ன ஆகும்? மார்க் போகும். யாரையும் அடிக்க மாட்டார்கள். யாரையும் நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோக மாட்டார்கள். பரீட்சை ஹால் மாதிரி பத்திரமான இடம் இந்த உலகத்தில் இருக்கிறதா என்ன?

அதற்காக என் பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று மணி நேரமும் பயந்துகொண்டேதான் எழுதினேன். பாஸ்.

பயந்ததற்காக யாரும் மார்க்கைக் குறைக்கவில்லை.